பதினாறில் படிக்க வேண்டியது

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. சமாதானம் பேச வரவில்லை. ஒரு புத்தகம் வேண்டும், அவ்வளவுதான்.

உன்னிடம் இருக்கிற 'எட்டாம் எண் வீட்டுப் பெண்'. கடை கடையாகக் கேட்டாயிற்று, அச்சில் இல்லையாம். எனக்காகக் கேட்கவில்லை, மிளகுக்காக. என் மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர். ஆள் பொடிசு, காரம் அதிகம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வரி கூட எழுதாமல் புத்தகம் மட்டும் அனுப்புகிறாயே, அவள்தான்.

மார்ச்சிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ரத்தப் புற்று. வாயால் நூறு தடவை சொல்லிவிட்டேன், எழுதுவது இதுதான் முதல் தடவை, கை கூசுகிறது. முதல் மருந்து கேட்கவில்லை. இப்போது இரண்டாவது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. முடி எல்லாம் போய்விட்டது. தலையைத் தடவிப் பார்த்து, "அம்மா, சீப்பு மிச்சம்" என்கிறாள்.

இந்த மே மாதம் நீ அனுப்பிய புத்தகத்துக்குள் மட்டும் முதல் தடவையாக ஒரு சீட்டு வைத்திருந்தாய். பதிமூன்றுக்கு இது, பதினான்குக்கு இது, பதினைந்துக்கு இது என்று வரிசையாக எழுதி, கடைசியில் பதினாறுக்கு இந்த நாவல். அந்தச் சீட்டைக் கட்டில் பக்கத்து அலமாரிக் கதவில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "அம்மா, நடுவுல இருக்கற மூணையும் விட்டுட்டு நேரா பதினாறுக்குப் போயிடலாமா?" என்றாள். ஏன்டி என்றேன். "சும்மாதான். அதுதான் பெரிய புக்கா இருக்கும்போல."

நான் தண்ணீர் பிடிக்கப் போகிறவள்போல வெளியே வந்துவிட்டேன்.

போன் பண்ணியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் பழையதெல்லாம் வாயில் வந்துவிடும், அதனால்தான் கடிதம். புத்தகத்தை அனுப்பு. எதுவும் எழுத வேண்டாம், வழக்கம்போல.

சின்னவள்


ஆகஸ்ட் 8

சின்னவளுக்கு,

உன் கடிதம் நூலக முகவரிக்கு வந்தது. கவுண்டரில் நின்றபடியே பிரித்துவிட்டேன். புத்தகம் திருப்பித் தர வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்திரை குத்தி அனுப்பிவைத்தேன். அன்று குத்திய தேதி எல்லாம் தப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஐந்து மாதம். உனக்குப் பேனா பிடிக்கத் தெரியாதா? என் ரத்தம் பொருந்துமா என்று பார்த்திருக்கலாம். இங்கே வரும் வாசகர் ஒருவர் அந்த வியாதிக்கான டாக்டர், அவரிடம் கேட்டேன். இரண்டாவது மருந்தில் தேறி எழுந்த பிள்ளைகள் நிறைய உண்டு என்றார். அந்த நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன்.

புத்தகத்தை அனுப்பப் போவதில்லை.

கோபப்படாமல் படி. என் பிரிவில் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரு வண்ண ஒட்டு இருக்கும். பச்சை எட்டு வயது வரை, மஞ்சள் பன்னிரண்டு வரை, நீலம் பதினைந்து வரை. சிவப்பு பதினாறுக்குத்தான். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னையே 'சிவப்பு ஒட்டு' என்று கூப்பிடுவதும் தெரியும். கூப்பிடட்டும். பன்னிரண்டில் படித்தால் அந்த நாவல் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிற கதை. பதினாறில் படித்தால்தான் அவள் எதையெல்லாம் விட்டுப் போகிறாள் என்று தெரியும். இப்போது என் வயதில் படித்தால் அது அவளுடைய அம்மாவின் கதை. வயது தப்பிப் படித்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டிலேயே பார்த்தாயிற்று.

பதிமூன்றுக்கு உரியதை மட்டும் இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒன்பது மாதம் முன்னதாக, அவ்வளவுதான் சலுகை. தொலைந்த சைக்கிளைத் தேடும் மூன்று பிள்ளைகளின் கதை, சிரிப்பு வரும். பதினாறுக்கு உரியது அவளுக்குப் பதினாறு ஆகும்போது.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. உன் பச்சை மஞ்சள் நீலத்தையெல்லாம் தூக்கி உடைப்பில் போடு.

இரண்டாவது மருந்தும் கேட்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அவர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். எத்தனை நாள் என்று நான்தான் கேட்டேன். "வாரக்கணக்குல சொல்லலாம்" என்றார். என் வீட்டுக்காரர், நீ பெயர்கூடச் சொல்லாமல் அந்த லாரிக்காரன் என்பாயே அவர்தான், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தார். எழுந்திருங்க போகலாம் என்று நான் சொன்ன பிறகும் பிடியை விடவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்றாவது உனக்குத் தெரியுமா? ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் கட்டிங். பதினோரு வருடமாகப் பிள்ளைகளின் அளவைத்தான் வெட்டுகிறேன். ஏழு வயது அளவு, எட்டு வயது அளவு என்று அட்டையை வைத்து, துணியை அடுக்கி, மெஷினை ஓட்டுவேன். தெருவில் போகிற பிள்ளையைப் பார்த்தாலே டேப் இல்லாமல் அளவு சொல்லிவிடுவேன். மிளகுக்கு மார்ச்சில் பன்னிரண்டு வயது அளவு சரியாக இருந்தது. நேற்று ஒன்பது வயது அளவில் ஒரு சட்டை கொண்டுபோய்ப் போட்டேன். தோளில் நிற்கவில்லை, வழிகிறது. நீ அவளைப் பதினாறு வரைக்கும் காத்திருக்கச் சொல்கிறாய். அவள் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் அக்கா.

நான் இதுவரை உன்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. வீட்டை விட்டு வந்தபோது கேட்கவில்லை, பிரசவத்துக்குக் கேட்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்கிறேன். யாருக்காக எடுத்து வைத்திருக்கிறாய் அதை?

சின்னவள்


ஆகஸ்ட் 16

சின்னவளுக்கு,

இரண்டு தடவை தபால் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். முதல் தடவை வாசலோடு. இரண்டாவது தடவை தராசு வரைக்கும். எடை போட்டுவிட்டு அந்தப் பெண், "எந்த ஊருக்கு மேடம்?" என்று கேட்டாள். பார்சலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் நின்றவர்கள் என்னை என்ன நினைத்தார்களோ.

உனக்குச் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. நீ அதைக் கேட்கும்போது ஒரு புத்தகத்தைக் கேட்கிறாய். நான் கட்டி, முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டினால், அவளுக்குப் பதினாறு வராது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. டாக்டர் சொல்லட்டும், நீ நம்பு, ஊரே சொல்லட்டும். ஒரு ஆளாவது ஒப்புக்கொள்ளாமல் இருக்க வேண்டாமா? அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. அவளுக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தே செய்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதோ பெரிய மனுஷி மாதிரி, அந்த நாவலை உனக்குப் பதிமூன்று வயதில் கொடுத்தேன். பத்தொன்பதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நீ என்ன சொன்னாய்? "நீ குடுத்த புக்குல அவ போகலையா? அதைப் படிச்சுத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு." அம்மா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள், அவ்வளவுதான். அப்புறம் பேசினாள், ஆனால் சாகும்வரை பழையபடி இல்லை. சிவப்பு ஒட்டு அதற்குப் பிறகு வந்ததுதான். வயது தெரியாமல் ஒரு பிள்ளை கையில் கொடுத்து ஒரு வீட்டையே உடைத்தவள் நான். மறுபடியும் அதையே செய் என்கிறாய்.

என்னால் முடியவில்லை. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இதைப் பதினான்கு வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை.

நீ கொடுத்த அன்று ஆசையாகத்தான் எடுத்தேன். முப்பது பக்கம் போயிருப்பேன். அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டே இருந்தாள், எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. மறுநாள் எடுத்தேன், மறுபடியும் தூக்கம். ஒரு மாதம் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, முடித்துவிட்டேன் என்று உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். எப்படி இருந்தது என்று கேட்டாய். "அழுகையா வந்துச்சு" என்றேன். உன் முகம் அப்படியே மலர்ந்தது. அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? அவள் வீட்டை விட்டுப் போகிறாள் என்பதே நீ அம்மாவிடம் கதை சொன்னபோது காதில் விழுந்ததுதான்.

நான் வீட்டை விட்டு வந்ததற்குப் புத்தகம் காரணம் இல்லை. அவர்தான் காரணம். அவரைப் பிடித்திருந்தது, அவரோடு இருக்க வேண்டும்போல இருந்தது. அன்று வாசலில் நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். படித்தவள், சம்பாதிக்கிறவள், அம்மாவுக்குப் பிடித்தவள். உனக்கு வலிக்கிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும் என்று தேடினேன். வாயில் அது வந்தது. நன்றாக வலித்தது என்று அப்போதே முகத்தில் தெரிந்தது, அந்தத் திருப்தியோடுதான் லாரியில் ஏறினேன். அம்மா உன்னிடம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நீ ஒன்றும் செய்யவில்லை அக்கா. எந்த வீட்டையும் உடைக்கவில்லை. ஒரு சோம்பேறிப் பெண் சொன்ன பொய்யை நம்பி இத்தனை வருடம் புத்தக முதுகில் ஒட்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாய்.

இப்போது என் பிள்ளைக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றிய அன்று கன்னத்தில் கொஞ்சம் நிறம் வரும், எழுந்து உட்காருவாள், கேட்டதையே கேட்பாள். "பெரியம்மா என்னம்மா சொன்னாங்க? அனுப்பறாங்களா?" தபாலில் வருகிறது என்று பொய் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வரும், அது உனக்கு இப்போது தெரிந்திருக்கும். இந்தப் பொய்யை மட்டும் உண்மையாக்கிவிடு. காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

சின்னவள்


ஆகஸ்ட் 23

சின்னவளுக்கு,

முப்பது பக்கம்!

படித்துவிட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்று உன்னை அறைந்திருக்க வேண்டும். இன்று அறைவதற்கு நீ பக்கத்தில் இல்லை.

எத்தனை பிள்ளைகளை அந்த அலமாரியிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பேன். பதினான்கு வயதில் ஒருத்தி மூன்று மாதம் தினமும் வந்து கெஞ்சினாள். பதினாறில் வா என்றேன். பதினாறில் அவள் வரவில்லை, அவள் அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது. அவள் முகம் நேற்றெல்லாம் கண் முன்னால் நின்றது.

புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். விரைவுத் தபால். முதுகிலிருந்த ஒட்டை ஈரத்துணி வைத்து உரித்தேன், பாதிதான் வந்தது. அதைப் பார்த்து என்ன என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள், உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு விஷயம். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணின் தம்பி காய்ச்சலில் இறந்துபோகிறான். ஆறு பக்கம். அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று பிளேடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. இருபது வருடமாக நூலகத்தில் கிழித்தவர்களைப் பிடித்து அபராதம் போட்டவள் நான். நீ முதலில் படி, முழுசாகப் படி, பிறகு உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய். நீ அவள் அம்மா.

நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. புத்தகத்தைத்தான் அனுப்புகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

புதன்கிழமை வந்து சேர்ந்தது. மிளகு தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தேன், அன்று சாயங்காலமும் மறுநாள் பகலுமாக முடித்துவிட்டேன். இருபது வருடம் தாமதமாக. அந்த ஆறு பக்கத்தையும் படித்தேன். அந்தப் பையனுடைய சட்டையை அவன் அம்மா மடித்து மடித்துப் பிரிக்கிற இடத்துக்கு மேலே போக முடியவில்லை. பெஞ்சிலேயே புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரை துடைக்கிற அம்மா வந்து, காலைத் தூக்கும்மா என்றாள். தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியதும் புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மோந்து பார்த்தாள். பிடித்துக்கொள்ளக் கை கேட்கவில்லை, நான்தான் படித்தேன். அப்படியே கண்ணை விரித்துக் கேட்டாள். பத்துப் பக்கம். இருபது பக்கம். பிறகு விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இந்த அக்கா எதுக்கும்மா எப்பப் பார்த்தாலும் படியில உக்காந்து யோசிக்கறாங்க?"

அப்படித்தான்டி, வயசு என்றேன். இன்னும் கொஞ்சம் போனேன். அந்த எதிர்வீட்டுப் பையன் முதல் தடவை இவளைப் பார்த்துச் சிரிப்பான், இவளுக்கு வயிற்றில் என்னவோ செய்யும், ராத்திரி சாப்பாடு இறங்காது, ஞாபகம் இருக்கிறதா? நிறுத்து என்று கையைத் தூக்கினாள்.

"அவனைப் பார்த்தா இவங்களுக்கு ஏன் வயிறு வலிக்குது? நர்ஸ்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கிப் போட வேண்டியதுதானே?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உள்ளே இடிந்துபோனது. இங்கே எல்லோரும் என்ன சொல்வார்கள் தெரியுமா? வியாதி வந்து பிள்ளை பெரிய மனுஷி மாதிரி ஆகிவிட்டாள், எவ்வளவு பக்குவம் பாருங்கள் என்பார்கள். நானும் நம்பிவிட்டேன். பக்குவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசு. எதிர்வீட்டுப் பையன் சிரித்தால் வயிற்றில் என்ன செய்யும் என்று தெரியாத பன்னிரண்டு வயசு. அது தெரியாமலே போகப் போகிறாள். நீ ஒட்டிய ஒட்டு சரிதான் அக்கா. நான் என்ன கெஞ்சினாலும், நீ அதை உரித்து அனுப்பினாலும், அந்த நாலு வருடத்தை நம் இரண்டு பேராலும் பார்சலில் போட முடியவில்லை.

அறுபதாம் பக்கத்தில், "மூடி வெச்சிடும்மா. பதினாறு ஆனதும் படிச்சுக்கறேன்" என்றாள். தெரிந்து சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா, வெறுமனே போரடித்துச் சொன்னாளா, முகத்தை உற்றுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. அந்தச் சைக்கிள் கதையை எடு என்றாள். அதை ஏற்கெனவே இரண்டு தடவை படித்தாயிற்று. மூன்றாவது தடவையும் அதே இடத்தில் சிரித்தாள்.

அப்புறம் கேட்டாள். "பெரியம்மாதான் என்னைப் பார்த்ததே இல்லையே. எனக்கு எந்த வயசுல எது பிடிக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியுது?" நீயே கேளு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "வராங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "எப்ப?" ஞாயிற்றுக்கிழமை என்றேன். அதிலிருந்து யார் கதவைத் திறந்தாலும் திரும்பிப் பார்க்கிறாள்.

இன்று காலையில் டாக்டர் வந்தார். வாரக்கணக்கு என்று சொன்னவர் இன்று கணக்கே சொல்லவில்லை. ஊரில் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள் என்றார். எனக்கு ஊரில் இருப்பது நீ ஒருத்திதான்.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. போன் பண்ணினால் லீவு, ரயில், என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று நீ யோசித்துக்கொண்டே இருப்பாய். இதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். லாரி எடுத்தால் எட்டு மணி நேரம். இதை நீ படித்துக்கொண்டிருக்கும்போது அவர் உன் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார், கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. உன்னிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. வழியெல்லாம் பேசாமல்தான் வருவார், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, மகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்ஜினை அணைத்திருக்க மாட்டார். மாற்றுத்துணி எடுத்து வைக்கிறேன் என்று நேரம் ஆக்காதே, என்னுடையது உனக்குச் சரியாக இருக்கும்.

மீதியெல்லாம் இங்கே வந்து பேசிக்கொள்ளலாம். படித்தது போதும் அக்கா. ஏறு.